ஆலமரம் இல்லாத ஆலடி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடிய அரசு டவுன் பஸ்ஸில் பிச்சை முகம்மதுதான் கண்டக்டர். அந்த ரூட்டில் அவரைக் 'கனவு கண்டக்டர்' என்று கேலி பேசாத ஆளே கிடையாது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். மிச்சச் சில்லறையைக் கையில் எடுப்பார். எடுத்த கை எடுத்தபடி இருக்க, மேற்கே பார்த்து நின்றுவிடுவார். மேற்கே மலை. ஐப்பசி கார்த்திகையில் மேகம் இறங்கி மலையின் பாதியை மூடிவிடும். அப்போது மலைக்குக் கால் இல்லை, தலை மட்டும் பஸ்ஸோடு கூடவே மிதந்து வருகிறது என்று அவருக்குத் தோன்றும். "பாய், மலை எங்கயும் போகாது. நம்ம சில்லறையக் குடும்" என்று யாராவது தோளில் தட்டினால்தான் கீழே இறங்கி வருவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் ஒருநாளும் அசந்ததில்லை. அந்த பஸ்ஸில் வழக்கமாக ஏறுகிறவர்கள் இறங்கும்போது அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இறங்குவார்கள். "வாரேன் பாய்" என்பார்கள் மில் தொழிலாளிகள். "வாரேன் அண்ணாச்சி" என்பாள் பூக்காரி. வீட்டில் சொல்லிக்கொள்வதுபோல பஸ்ஸிலும் சொல்லிக்கொள்வது அந்த ரூட்டின் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் பிச்சை முகம்மது "வாங்க, வாங்க" என்று பதில் சொல்வார். யாராவது சொல்லாமல் இறங்கிவிட்டால் அடுத்த ஸ்டாப் வரை அவருக்கு மனசு சரியாக இருக்காது. டிரைவர் கருத்தப்பாண்டி இதைக் கண்டு சிரிப்பான்.

"ஏலே, பஸ்ஸுன்னு நெனச்சியா, ஒன் வீடுன்னு நெனச்சியா?"

"ரெண்டும்தான்டே" என்பார் பிச்சை முகம்மது. பொய்யில்லை. வத்திராயிருப்பில் பிறந்து, வாப்பாவோடு சந்தை சந்தையாகத் துணி மூட்டை தூக்கி வளர்ந்தவர். வேலை கிடைத்த பிறகு ராஜபாளையத்தில் ஒரு ஒண்டிக் குடித்தனம், ஆரிபா என்று ஒரு மனைவி. குழந்தை இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை பஸ்ஸில் கழிக்கிறவருக்கு அது வீடாகத்தானே இருக்கும்.

எண்பத்து நாலின் கடைசியில் அந்தச் சாலையோரம் ஒரு மாற்றம் வந்தது. பழைய பஞ்சுக் குடோனை ஒட்டிக் கிடந்த தரிசில் வரிசையாகக் குடிசைகள் முளைத்தன. கடல் தாண்டி மண்டபத்தில் கரையேறிய இலங்கைத் தமிழர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அரசாங்கம் குறை வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி கொடுத்தது, பாய் கொடுத்தது, குழந்தைகளைச் சான்றிதழ் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டது. சாயங்காலம் ஆறு மணிக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டது. அரிசி கொடுத்த அதே அரசாங்கத்தின் பஸ் அந்த வாசலில் நிற்கவில்லை.

முகாமுக்கு முந்தைய நிறுத்தம் மில் கேட். பிந்தையது கிணற்றடி. எதில் இறங்கினாலும் பொட்டல் வெயிலில் ஒரு மைல் நடை. ரோட்டில் ஒரு மரம் கிடையாது.

அப்போதுதான் அந்த ஊமைப் பெண் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தாள்.

நாற்பது வயதிருக்கும். வெளுத்துப்போன நீலச் சேலை, இடது காலில் கணுக்காலுக்கு மேலே பெரிய கட்டு. படகிலிருந்து குதித்தபோது பாறையில் கிழித்த புண், சர்க்கரை வியாதியில் ஆறாமல் கிடந்தது. அதற்கு மருந்து வைக்க வாரா வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதல் நாள் பிச்சை முகம்மது "எங்கம்மா?" என்று கேட்டதற்கு அவள் சில்லறையை நீட்டி, விரலால் முன்பக்கம் காட்டினாள். "எந்த ஊரும்மா?" என்றார். மறுபடியும் விரல்தான். அவருக்கு மனசு உருகிவிட்டது. பாவம், வாய் பேச வராது போலிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்ததோடு நின்றாரா? முன் ஸீட்டில் இருந்த ஆளை எழுப்பி அவளை உட்காரவைத்தார். அவளிடம் பேசும்போது மட்டும் கையையும் கண்ணையும் உருட்டி ஜாடை காட்டினார். காதும் கேட்காதோ என்ற சந்தேகத்தில் ஊரே கேட்கும்படி கத்தினார். ஒருநாள், "வாய் பேசாதவங்களுக்கு சர்க்கார்ல பாஸ் உண்டும்மா! நா வாங்கித் தாரேன்!" என்று வாயைப் பொத்திக் காட்டி, கையெழுத்துப் போடுவதுபோல விரலை ஆட்டினார். அவள் மிரண்டுபோய் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். பஸ்ஸில் இருந்த பொம்பளைகள் உச்சுக்கொட்டினார்கள். "எம்புட்டு மானமுள்ள பொம்பளை, ஓசிப் பாஸு வேண்டாங்கா பாரு" என்றாள் பூக்காரி சீனியம்மாள்.

திரும்பும்போது மில் கேட்டில் இறங்குவாள். கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து அவள் முகாமை நோக்கி நடப்பது பின் கண்ணாடியில் சிறிதாகிச் சிறிதாகிக் கானலில் கரைந்துபோகும். மற்ற எல்லாரும் "வாரேன்" என்று சொல்லி இறங்கும் பஸ்ஸிலிருந்து அவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போவது பிச்சை முகம்மதுவுக்குள் எங்கேயோ உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த அம்மாளுக்கு வாயிருந்து அவள் "வாரேன்" என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று மலையைப் பார்த்துக் கனவு காண்பார்.

முகாம் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கருத்தப்பாண்டியிடம் கெஞ்சிப் பார்த்தார். அவன் இரண்டு முறை நிறுத்தினான். மூன்றாம் முறை டெப்போவில் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள், உத்தரவில்லாத இடத்தில் எப்படி நிறுத்தலாம் என்று. வேலையில் இருக்கிறவர் மனுக் கொடுத்தால் வேறு வம்பு. அதனால் ஆரிபா கொடுத்தாள். மனுநீதி நாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பெரிய அதிகாரி முன்னால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் நின்றாள்.

"வீட்டுக்கு வந்தவியளுக்குச் சோறு போட்டுட்டு, வாசல்ல முள்ள வச்சாப்ல இருக்குய்யா. ஒங்க பஸ்ஸு செத்த நேரம் நின்னுட்டுப் போகட்டும்."

அதிகாரி சிரித்துவிட்டு அங்கேயே பச்சை மையில் எழுதினார். பங்குனியில் உத்தரவு வந்தது. மூன்று மாதம் சோதனையாக நிறுத்திப் பார்ப்பது, முகாம் ஆட்கள் ஏறி இறங்கவில்லை என்றால் ரத்து. சாலையோரம் மஞ்சள் பலகை நட்டார்கள். 'அகதிகள் முகாம்' என்று கறுப்பில் எழுதியிருந்தது.

அன்றைக்குப் பிச்சை முகம்மது சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். மில் கேட் தாண்டியதுமே படியில் வந்து நின்றுகொண்டார். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற சந்தோஷத்தோடு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, "அகதி முகாம் எறங்கு! அகதி முகாமெல்லாம் வாசல்லயே எறங்கு!" என்று கூவினார்.

பஸ் நின்றது. மொத்த பஸ்ஸும் யார் இறங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தது. முகாம்காரர்கள் நாலைந்து பேர் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கினார்கள். ஊமைப் பெண் கடைசியாக இறங்கினாள். படியில் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அந்த நிறுத்தத்தில் ஒரு ஈ காக்கை இறங்கவில்லை. இவர் கூவுவார், பஸ் நிற்கும், புழுதி வந்து முந்திக்கொள்ளும், விசில் ஊதிவிட்டுப் போவார்கள். முகாம்காரர்கள் மில் கேட்டிலேயே இறங்கி அந்த ஒரு மைலையும் நடந்தார்கள். சித்திரை வெயிலில் ஊமைப் பெண்ணும் காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். "பஸ்ஸு வாசல்ல நிக்கும்மா!" என்று இவர் ஜாடை காட்டிக் கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மில் கேட்டில்தான் இறங்கினாள். பிச்சை முகம்மதுவுக்குக் கோபமும் அழுகையும் ஒருசேர வந்தன. ஒன்றரை மாதம் போய்விட்டது. இப்படியே போனால் ஆனியோடு பலகையைப் பிடுங்கிவிடுவார்கள்.

வாராந்திர விடுமுறையில் ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக்கொண்டு, ஆரிபாவையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். வாசல் போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தவர், ஒரு குடிசைக்குப் பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் வருவதைக் கேட்டார்.

"தண்ணி வாளிக்குள்ள கை வையாதே எண்டு எத்தினை தரம் சொல்லுறது! இனி வச்சியெண்டால் அடிதான் விழும்!"

நல்ல குரல். கோயில் மணிபோல ஒலித்தது. யாரென்று எட்டிப் பார்த்தார். ஊமைப் பெண்.

கையில் சேவுப் பொட்டலத்தோடு அவர் சிலையாக நின்றார். அவளும் வாயடைத்து நின்றாள். ஆரிபாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பென்றால் நிற்கவே இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"நீ... நீங்க ஊமை இல்லையா?"

"நான் ஊமையெண்டு நீங்கள்தானே நினைச்சீங்கள், அண்ணை. எனக்கும் அது சுகமாக் கிடந்தது. விட்டிட்டன்."

அவள் பெயர் மதலேனாள், மன்னார் பக்கம். புருஷன் கடலோடு போனவர். தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். பாயை விரித்து உட்காரவைத்து, பால் இல்லாத தேநீர் கொடுத்தாள். வாசலில் வந்து நிற்கிற பஸ்ஸில் ஏன் இறங்க மாட்டேன் என்கிறீர்கள் என்று பிச்சை முகம்மது கேட்டபோது, கால் கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"உங்கட பஸ்ஸில ராஜபாளையத்து ஆக்கள் தெலுங்கு கதைக்கினம். ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்ல. எங்கட ஆக்கள் தமிழ் கதைச்சால் முழுப் பஸ்ஸும் திரும்புது. எங்க இருந்து வாறியள், எத்தினை பேர் செத்தவை எண்டு கேக்கினம். பாவம் எண்டு உச்சுக்கொட்டினம். கெட்ட சனம் இல்ல, அண்ணை. எண்டாலும் ஒவ்வொரு முறையும் எல்லாத்தையும் சொல்ல என்னால ஏலாது. அதுதான் வாயை மூடினன். நீங்கள் அண்டைக்குக் கூவினீங்களே, வாய் மூடியும் பிரயோசனம் இல்லாமப் போச்சு."

பிச்சை முகம்மதுவுக்கு வாப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. வத்திராயிருப்பில் அவர் பிறந்த தெருவுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தக் காலத்துத் தனியார் பஸ் கண்டக்டர் "துலுக்கத்தெரு எறங்கு!" என்றுதான் கூவுவான். அவன் திட்டவில்லை, இடத்தைத்தான் சொன்னான். இருந்தாலும் சந்தையில் வாய் ஓயாமல் பேசுகிற வாப்பா, அந்தக் கூவல் கேட்டதும் துணி மூட்டையைத் தலைக்கு மேலே தூக்கி முகம் தெரியாமல் இறங்கிப் போவார். பின்னால் இறங்குகிற சின்னப் பையனுக்கு அந்தக் கண்டக்டரைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருக்கும். அந்தப் பையன் வளர்ந்து, கஞ்சி போட்ட சட்டையோடு படியில் நின்று, அதே கூவலைக் கூவியிருக்கிறான்.

தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ஒங்க ஊர்ல பஸ்ஸு எங்கம்மா நிக்கும்?"

"ஆலடியில" என்றாள் மதலேனாள். சொல்லும்போதே முகம் மாறிவிட்டது. "பெரிய ஆலமரம். பிள்ளையள் விழுதில தொங்கி ஆடும். பட்டணத்தில இருந்து வரேக்க நான் எப்பவும் நித்திரையாப் போயிடுவன். கண்டக்டர் 'ஆலடி' எண்டு சொல்ல முழிப்பு வரும். முகத்தில கடல் காத்து அடிக்கும். இப்பவும் கனவில அந்த பஸ் வருது, அண்ணை. நான் ஏறி இருக்கிறன். ஆனா கண்டக்டர் ஆலடி எண்டு சொல்லுறார் இல்ல. பஸ் நிக்காமப் போய்க்கொண்டே இருக்கு."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பிச்சை முகம்மது ரோட்டோரக் கல்லை எத்திக்கொண்டே நடந்தார். "என்ன, அந்தக் கனவுல வார கண்டக்டரு மேல கோவமா?" என்றாள் ஆரிபா. கோபம்தான். கனவு காண்கிற கண்டக்டரை ஊர் அறியும். கனவில் வந்து வாயைத் திறக்காமல் போகிற கண்டக்டரை அவரால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் பஸ் மில் கேட்டைத் தாண்டியது. படியில் வந்து நின்றார். குரலை உயர்த்தாமல், எல்லா ஊருக்கும் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆலடி எறங்கு. ஆலடி."

பஸ்ஸில் ஒரே குழப்பம். ஆளாளுக்கு ஜன்னல் வழியே ஆலமரத்தைத் தேடினார்கள். "ஏலே, எந்த ஆலடிடே? இந்த ரோட்டுல ஒரு எருக்கஞ்செடி கூடக் கெடையாதே!" என்று கருத்தப்பாண்டி கத்தினான்.

"நிப்பாட்டுடே. எனக்குத் தெரியுது."

"ஒனக்குத் தெரியும்டே, ஒனக்கு மலைக்குக் காலு மொளச்சதும் தெரியும்" என்று முனகிக்கொண்டே அவன் நிறுத்தினான். முகாம்காரர்களில் ஒரு கிழவர் எழுந்தார். ஆலடி என்ற சொல் அவரை எழுப்பிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சுற்றும்முற்றும் பார்த்தார், யாரும் தன்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக இறங்கி வீட்டுக்குப் போனார்.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். பிறகு மதலேனாள் இறங்கினாள். வைகாசி முடிவதற்குள், முகாமுக்குப் பின்னால் தோட்டம் வைத்திருந்த சம்சாரிகள்கூட "ஆலடி ஒண்ணு குடுங்க" என்று கேட்டு டிக்கெட் வாங்கினார்கள். மரத்தைத் தேடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஆனால் மதலேனாள் மட்டும் பஸ்ஸில் ஊமையாகவே இருந்தாள். அத்தனை பேர் பரிதாபப்பட்டு ஸீட் கொடுத்த பிறகு திடீரென்று எப்படி வாயைத் திறப்பது? பிச்சை முகம்மதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. கண்ணை உருட்டி ஜாடை காட்டுவார், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை நீட்டுவாள். இறங்கும்போது ஒன்றும் சொல்லாமல் இறங்குவாள்.

ஆனி மாதம், கெடு முடிய இருந்த சமயத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் செக்கிங் இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் பஸ்ஸில் ஏறினார். கறார் மனிதர். வண்டி மில் கேட்டைத் தாண்டியதும் எழுந்து நடுவில் நின்றார்.

"அகதிகள் முகாம் ஸ்டாப்ல எறங்குறவங்க யாரெல்லாம்? கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஜன்னலோரம் இருந்த சம்சாரி ஒருவர் வெள்ளையாகச் சொன்னார். "அப்பிடி ஒரு ஸ்டாப்பு இந்த ரூட்ல கெடையாதுங்களே. அடுத்தது ஆலடி."

"ஆலடியா? எவன் வச்ச பேரு அது?" இன்ஸ்பெக்டர் பிச்சை முகம்மதுவைப் பார்த்தார். "என்னய்யா இது? மூணு மாசம் டயம் குடுத்திருக்கு. முகாம் ஆளுக எறங்குறாங்களா இல்லையா? இந்த வண்டியில இருந்தா யாருன்னு காட்டும். இல்லேன்னா இன்னைக்கே எழுதி அனுப்பிருவேன், ரத்துன்னு."

காட்டுவது பெரிய காரியமில்லை. முன் ஸீட்டில் ஒருத்தி, நடுவில் இரண்டு பேர், பின்னால் புத்தகப் பையோடு நாலு பிள்ளைகள். விரலை நீட்டினால் போதும், ஸ்டாப் நிலைத்துவிடும். பிச்சை முகம்மது பார்த்தார். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. வாப்பா தூக்கிய துணி மூட்டை அவர் கண் முன்னால் வந்து நின்றது. அவர் கையை டிக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது சார். ஏறுறவங்க எல்லாம் பாஸஞ்சர்தான்."

"அப்ப சரி. ஆளில்லன்னு எழுதிருதேன்" என்று இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

"ஐயா."

கணீரென்ற குரல். மொத்த பஸ்ஸும் திரும்பியது. முன் ஸீட்டில் ஊமைப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"யாத்தே, ஊமை பேசுது!" என்று பூக்கூடையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள் சீனியம்மாள்.

"ஆலடியில இறங்கிறது நாங்கள்தான், ஐயா" என்றாள் மதலேனாள். "முகாம் ஆக்கள்தான். நான், அந்த ஐயா, பின்னால இருக்கிற பிள்ளையள். நாங்கள் வந்ததை மறைக்கேல்ல. ஆனா இந்தக் கொஞ்ச நாளாத்தான் நாங்கள் வீட்டுக்கு இறங்கிற மாதிரி இறங்கிறம். அதை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடாமல் நின்றார்.

"சரிம்மா. ஆலமரம் எங்க?"

"அது எங்கட ஊரில நிக்குது, ஐயா. கொண்டுவர ஏலாது. பேரைத்தான் கொண்டுவந்தனாங்கள்."

சுயம்புலிங்கம் ஜன்னலுக்கு வெளியே அந்தப் பொட்டலைப் பார்த்தார். பிறகு பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு, "ஸ்டாப்ப தாண்டிரப் போறீரு, விசில ஊதும்யா" என்றார்.

நிறுத்தம் நிலைத்தது. பெயர் மேலே போய், கேள்வி கேட்கப்பட்டு, திரும்பி வந்து, இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் பலகையில் 'ஆலடி' என்றே எழுதினார்கள். தொண்ணூற்றொன்றில் காலம் கெட்டு, முகாம்காரர்களைப் பார்க்கும் கண்கள் மாறிப்போனபோதும் பலகையை யாரும் மாற்றவில்லை. பிச்சை முகம்மது ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் காரணம் தெரியாமலே சொல்கிறார்கள்.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கு பஸ் ஆலடியில் நின்றது. மதலேனாள் கட்டுக் காலை முதலில் வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். தரையில் நின்று, கம்பியிலிருந்து கையை எடுக்காமல் திரும்பி, பஸ் முழுவதையும் ஒருமுறை பார்த்தாள்.

"வாறன்" என்றாள்.

"வா தாயி, வா" என்றாள் சீனியம்மாள். "வாங்கம்மா" என்றார்கள் மில்காரர்கள். சம்சாரி தலையாட்டினார். எப்போதும் முதலில் பதில் சொல்கிற பிச்சை முகம்மது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. விசிலை வாயில் வைத்திருந்தார், ஊத வரவில்லை. கருத்தப்பாண்டி கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, வண்டியை எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தான்.